வேரோடு வந்த மண்

மலைக்குப் போய் வந்தவர் கையில் ஒரு செடியாவது இல்லாவிட்டால் போனதற்கு அத்தாட்சி ஏது? சென்ற கோடையில் குன்னூரிலிருந்து புறப்படுகிற அன்று எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. சாலையோரத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் ஆறு ஜெரேனியம் நாற்றுகள் வாங்கினேன். ரயிலில் சுமை குறையட்டுமே என்று வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறத் தொடங்கினேன்.

"ஐயா, ஐயா! என்ன காரியம் பண்றீங்க?" என்று தோட்டக்காரப் பெரியவர் ஓடி வந்தார். "மண்ணை உதறிட்டா அது செடி இல்லீங்க, விறகு!"

பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எடுப்பதற்கு முதல் நாள் மாலையே பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட வேண்டும். தோசைத் திருப்பி மாதிரி ஒரு தகட்டுக் கரண்டியைப் பக்கவாட்டில் இறக்கி, நாற்றை மண்ணுருண்டையோடு தூக்க வேண்டும். பிடிப்பதானால் இலையைப் பிடிக்கலாம். தண்டை நசுக்கக் கூடாது. ஓர் இலை போனால் இன்னோர் இலை வரும். தண்டு போனால் செடியே போயிற்று. நடுவதும் வெயில் தாழ்ந்த பிறகுதான்.

இதற்குக் காரணம் உண்டு. வேர் நுனியிலுள்ள மயிரிழைகள்தாம் நீரைக் குடிக்கின்றன. மண்ணை உதறினால் அவை அறுந்துவிடுகின்றன. குடிக்க வாயில்லை, இலை வழியாகவோ ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. செடி வாடாமல் என்ன செய்யும்?

ஆறு நாற்றுக்கே இத்தனை பக்குவம் வேண்டுமென்றால், பூமியின் மறுபுறத்திலிருந்து இதே மலைக்கு ஒரு மரத்தைக் குடியேற்றினார்களே, அவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

சிங்கோனாவைத்தான் சொல்கிறேன். மலேரியாவுக்கு மருந்தான கொயினா அதன் பட்டையிலிருந்து வருகிறது. அந்த மரத்துக்குத் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகள். அங்கே பட்டைக்காக வெட்டி வெட்டிக் காடு குறைந்தது. இந்தியாவிலோ காய்ச்சல் குறையவில்லை. மரத்தையே கொண்டுவந்துவிடுவது என்று ஆங்கில அரசாங்கம் தீர்மானித்தது. அந்த மலைநாடுகளுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கப்பலில் செடி கொண்டு போவது முன்பெல்லாம் சூதாட்டம் மாதிரி. உப்புக் காற்று ஒரு பக்கம், நல்ல தண்ணீர்ப் பஞ்சம் ஒரு பக்கம். இதற்கு வழி கண்டவர் லண்டன் வைத்தியர் நதேனியல் வார்டு. 1829-ல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் வைத்து, கண்ணாடிச் சீசாவில் மூடி வைத்திருந்தார். அந்த மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்து, தண்ணீர் விடாமலே வளர்ந்தன. இலை விட்ட ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. அதே முறையில், மரச்சட்டமும் கண்ணாடியுமாக அவர் செய்த பெட்டிகளில் 1833-ல் செடிகள் ஆஸ்திரேலியா வரையில் உயிரோடு பிரயாணம் செய்தன.

ஆனால் பெட்டி மட்டும் போதாது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டுக் காட்டில் கன்றுகளைப் பிடுங்கி, பாசியில் பொதிந்து, கோவேறு கழுதை மேலேற்றிப் பனிமலையைத் தாண்டினார். துறைமுகத்துக்கு வந்த பிறகே பெட்டியில் நட முடிந்தது. அப்புறம் பனாமா, இங்கிலாந்து, செங்கடல் என்று சுற்று வழி. செங்கடல் வெயிலில் செடிகள் வெந்தன. அக்டோபரில் உதகமண்டலம் வந்து சேர்ந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன.

அதே சமயம் ஈக்வடாரில் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்ற தாவர சாஸ்திரியும் ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரரும் அவசரப்படாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஸ்புரூஸ் நோயாளி; நடப்பதற்கே சிரமம். காட்டிலேயே நாற்றங்கால் போட்டு, வெட்டி நட்ட கம்புகளை மாதக்கணக்கில் வேர்பிடிக்க விட்டார்கள். தெப்பத்தில் ஆற்றோடு வந்தபோது வெள்ளம் அதைக் கரையோர மரங்களில் அடித்தது. பெட்டிகள் ஆட்டம் கண்டன, செடிகள் தப்பின. 1861 ஜனவரியில் 637 செடிகள் கப்பலேறின. கிராஸும் கூடவே வந்து, கோடை முற்றுமுன் செங்கடலைத் தாண்டிவிட்டார். ஏப்ரலில் உதகைக்கு உயிரோடு வந்தவை 463.

அவற்றை ஏற்றுக்கொண்டவர் உதகைத் தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்ஐவர். விதை, பதியன், கம்பு என்று எல்லா வழியிலும் பெருக்கினார். ஜாவாவில் டச்சுக்காரர்கள் காட்டு நிழலில் நட்டார்கள். இவரோ திறந்த வெளியில் நட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் லட்சக்கணக்கில் மரங்கள் நின்றன.

அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. மலாய்க் கரையின் பிரிட்டிஷ் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நடுவட்டத்தில் அவர்களை அடைத்த கட்டடம் இன்றும் இருக்கிறது. செடிக்குக் கண்ணாடி வீடும் கூடவே ஒரு தோட்டக்காரரும் கிடைத்தார்கள். மனிதனைத்தான் மண்ணை உதறிக் கொண்டுவந்தார்கள். அப்படியும் சிலர் வேரூன்றினார்கள். தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காப்பி பயிரிட்டு வாழ்ந்த அவர்களுடைய குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாற்றுகளின் வேரை ஈரக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாங்களும் அப்படி வந்தவங்கதாங்க" என்றார். "கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டம். வரும்போது எனக்குப் பத்து வயசு."

எனக்கு விளங்கியது. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் கடல் தாண்டியவர்கள்! அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது.

"இங்கே வேர் பிடித்துவிட்டதா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"எனக்குப் பிடிச்சுட்டுதுங்க. அப்பாவுக்குத்தான் கடைசி வரைக்கும் பிடிக்கலே. முத்தின செடி பாருங்க."

பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "மண்ணு உதிராம பார்த்துக்குங்க, ஐயா" என்றார்.

சென்னை வரும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.