பேஜர் அடித்தால் ஓடுகிறவருக்கு பென்ஷன் உண்டா?

இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் தீயணைப்பு நிலையம் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். உள்ளே டூட்டியில் யாரும் இருக்க மாட்டார்கள். எங்காவது தீப்பிடித்தால், கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சிலருடைய பேஜர் அடிக்கும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியைக் கிளப்புவார்கள். இவர்களுக்கு 'ரீட்டெய்ண்ட்' வீரர்கள் என்று பெயர். வருடத்துக்கு ஒரு சிறிய நிலைத்தொகை, ஒவ்வொரு அழைப்புக்கும் தனிக்கூலி, வாரம் ஒரு மாலை பயிற்சி. முழுநேர ஊழியரும் இல்லை, சும்மா உதவிக்கு வரும் தன்னார்வலரும் இல்லை.

இப்படி ரெண்டுக்கும் நடுவில் நின்றதால்தான் சிக்கல்.

1925-இல் வந்த தீயணைப்புப் படை ஓய்வூதியச் சட்டம் முழுநேர வீரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தீயணைப்புத் துறை மீண்டும் உள்ளாட்சிகளிடம் போனது. விதிகள் பலமுறை மாறின, ஆனால் இந்தக் கோடு மட்டும் அழியவில்லை. ரீட்டெய்ண்ட் வீரருக்குப் பணியில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு, ஓய்வு பெற்றால் பென்ஷன் கிடையாது. அவருக்குத்தான் வேறு தொழில் இருக்கிறதே என்பது நினைப்பு. அந்தத் தொழில் சொந்தமாக நடத்தும் இறைச்சிக்கடையாக இருந்தால் பென்ஷன் யார் தருவாங்க?

2000 ஜூலை 1-இல் பகுதிநேர ஊழியர்களைப் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்ற விதிகள் பிரிட்டனில் அமலுக்கு வந்தன. சுமார் 12,000 ரீட்டெய்ண்ட் வீரர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பென்ஷன், மருத்துவ விடுப்புச் சம்பளம், கூடுதல் பொறுப்புகளுக்கான ஊதியம் ஆகிய மூன்றையும் கேட்டார்கள். அடுத்தடுத்து மூன்று படிகளிலும் தோல்வி. முழுநேர வீரர் பள்ளிகளுக்குப் போய் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கிறார், தடுப்பு வேலைகளும் நிர்வாக வேலைகளும் பார்க்கிறார், ஆகவே இரண்டும் ஒரே வேலை அல்ல என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம்.

வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபைக்குப் போனது. 2006 மார்ச் 1-இல் 3-2 என்ற கணக்கில் வீரர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. நீதிபதி பரோனஸ் ஹேல் கேள்வியையே திருப்பிப் போட்டார். வித்தியாசங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, ஒற்றுமை எவ்வளவு, அந்தப் பொதுவான வேலை நிறுவனத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்க்க வேண்டும் என்றார். யோசிச்சுப் பாருங்க, எரிகிற வீட்டுக்குள் நுழையும்போது யார் பகுதிநேரம், யார் முழுநேரம்?

அடுத்த மாதமே தொடங்கிய புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. பழைய வருடங்கள்? வழக்கு மறுபடி தீர்ப்பாயத்துக்குப் போய், பேச்சுவார்த்தை நடந்து, 2014-இல்தான் 2000 ஜூலைக்குப் பிந்தைய பணிக்காலம் சேர்க்கப்பட்டது. அதுவும் சும்மா இல்லை. அந்த வருடங்களுக்கான சந்தா பாக்கியை வீரரும் கட்ட வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. ஓ'பிரையன் என்ற பகுதிநேர நீதிபதி தன் பென்ஷனுக்காகத் தொடுத்த வழக்கில், 2000-க்கு முந்தைய பணிக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதே நியாயம் தீயணைப்பு வீரர்களுக்கும் பொருந்தியது. 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் புதிய விதிகள் வந்து, பணியில் சேர்ந்த முதல் நாள் வரை பின்னோக்கிப் போக வழி திறந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. 2000 ஏப்ரல் 7-க்குப் பிறகும் பணியில் இருந்திருக்க வேண்டும். 1975-இல் ஒரே நாளில் ஒரே நிலையத்தில் சேர்ந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். 2001-இல் விலகியவர் 1975 வரை கணக்குக் கேட்கலாம். 2000 மார்ச்சில் விலகியவருக்கு ஒன்றுமில்லை. கால் நூற்றாண்டு ஒரே வண்டியில் தொங்கிக்கொண்டு போனவர்கள்தான் ரெண்டு பேரும். கோடு அழியவில்லை, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.