புனேயின் குதிரைகளும் ஒரு சீன வெள்ளெலியும்

1966ஆம் ஆண்டு சைரஸ் பூனாவாலா புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியபோது அவரிடமிருந்த முதன்மை மூலப்பொருள் குதிரைகளே. பந்தயக் குதிரைப் பண்ணை நடத்திய குடும்பம் அவருடையது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவற்றின் குருதியிலிருந்து ஊநீர் எடுக்கப்பட்டது. அதைத் தாமே செய்யலாமே என்ற எண்ணத்தில் பிறந்த நிறுவனத்தின் முதல் சரக்கு டெட்டனஸ் எதிர்நச்சு.

வெறிநாய்க்கடிக்கும் இதே முறைதான் பயன்பட்டது. ஆழமான கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்க ஒரு வாரத்திற்கு மேலாகும். அதற்குள் வைரஸ் நரம்பைப் பற்றிவிடக்கூடும். ஆகவே ஆயத்த எதிர்ப்பொருளைக் காயத்திலேயே செலுத்த வேண்டும். குதிரையினுடையது மலிவு; ஆனால் அயற்புரதமாதலால் ஒவ்வாமை அச்சம் உண்டு. மனிதக் குருதியிலிருந்து எடுப்பதோ அரியது, விலை மிக்கது. ஏழை நோயாளிகள் பலருக்கு இரண்டுமே எட்டவில்லை.

மாற்றுவழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1948இல், சீன உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்தில், சில வெள்ளெலிகள் அந்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டன. 1957இல் தியோடர் பக் ஒரு பெண் வெள்ளெலியின் சூலக உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். அவை சோர்வின்றிப் பெருகின. 1980இல் உர்லாபும் சேசினும் அவற்றில் டி.எச்.எஃப்.ஆர். என்னும் நொதியற்ற ஒரு வகையை உருவாக்கினர். வேண்டிய மரபணுவோடு அந்நொதியின் மரபணுவையும் சேர்த்துச் செலுத்தினால், அதை ஏற்ற உயிரணுக்களே பிழைக்கும். எளிய தந்திரம்தான், ஆயினும் பின்வந்த தொழிற்சாலைகள் பலவற்றின் அடித்தளம் அதுவே. பாக்டீரியாவால் இன்சுலினைச் செய்ய முடியும்; புரதத்தின் மேல் மனித உடலில் அமைவதைப் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைக் கோக்க அதற்கு இயலாது. வெள்ளெலி உயிரணு அதைச் செய்தது. 1987இல் குருதிக்கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் அவ்வாறே சந்தைக்கு வந்தது.

புனேயில் 1986இலேயே விலங்குத் திசு, உயிரணு வளர்ப்புக்கான தேசிய வசதி நிறுவப்பட்டிருந்தது. இன்றைய தேசிய உயிரணு அறிவியல் மையம் அதுவே. நாடெங்கும் ஆய்வாளர்களுக்கு உயிரணுக்களை வழங்குவது அதன் பணி.

சீரம் இன்ஸ்டிடியூட் அமெரிக்காவின் மாஸ்பயாலஜிக்ஸுடன் இணைந்து, மனித எதிர்ப்பொருள் ஒன்றை வெள்ளெலி உயிரணுக்களில் உற்பத்தி செய்தது. 200 பேரிடம் நடந்த சோதனைக்குப் பின், 2016இல் ராபிஷீல்டு இந்தியாவில் உரிமம் பெற்றது. உடல் எடையின் ஒரு கிலோவுக்குக் குதிரை எதிர்ப்பொருள் 40 அலகு, மனித எதிர்ப்பொருள் 20 அலகு தேவை, இதற்கு 3.33 அலகு போதும். நிறுவனத்தின் பெயரில் மட்டும் ‘சீரம்’ எஞ்சியது.

குறையும் உண்டு. ஒற்றை எதிர்ப்பொருள் வைரஸின் ஓரிடத்தையே பற்றும். அவ்விடம் மாறிய வைரஸ் தப்பக்கூடும். 2019இல் ஸைடஸ் கொணர்ந்த ட்வின்ராப் இரண்டு எதிர்ப்பொருள்களின் கலவையாய் அமைந்ததன் காரணம் அதுவே.

பாம்புக்கடி மருந்தோ இன்னும் குதிரையை விட்டு அகலவில்லை. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, இன்றும் குதிரைகளுக்கே செலுத்தப்படுகிறது.