பற்றரி இல்லாத காலத்து வெளிச்சம்
கொண்டச்சியானாலும் மன்னார் டவுனானாலும், பைக் லைற் மங்கினா இப்ப முதல்ல வாற சொல் "பற்றரிய மாத்து". 1990களின் வடக்கில் அப்படிச் சொல்ல வழியில்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோலோடு பற்றரியும் அகப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

அதுக்குத் தோதானவை ஹொண்டா சி50 மாதிரியான பழைய வண்டிகள். அவற்றில் ஹெட்லைற்றுக்குக் கரண்ட் எஞ்சின் கொயிலிலிருந்தே நேராக வரும். பற்றரி ஹோனுக்கும் சிக்னலுக்கும்தான். பற்றரி செத்தாலும் உதைத்தால் கிளம்பும், லைற் எரியும். அக்சிலேற்றரை விட்டா மங்கும், முறுக்கினா பளிச்சிடும். அது பழுதில்லை, அதன் சுபாவம்! இன்றைய வண்டிகள் பலவற்றில் லைற் பற்றரியோடு சேர்ந்தது. எஞ்சினை முறுக்கியும் பற்றரி முனையில் 14 வோல்ற்றளவு வராவிட்டால், புதுப் பற்றரிக்குக் காசு கொடுக்காமல் ரெக்ரிஃபையரைப் பாருங்கள்.

இந்தக் கெட்டித்தனத்தை "வடக்கின் ஞாபகம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனா கொண்டச்சிக்கு அதில் பங்கில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப்புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலி மக்களும் ஊரை விட்டார்கள். மற்றவர்கள் டைனமோ சுற்றிய வருசங்களில் அவர்களில் பலர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள்.