ஆறுதல் யார் கையில்?

'பசிக்கிறவனுக்குக் கலை எதுக்கு?' என்று கேட்கும் தோழர்களுக்குத் தெரேசினைத்தான் நான் பதிலாக வைப்பேன். செக் மண்ணில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த இடம் அது. அங்கே குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், வரைந்த தாளில் அவரவர் பெயரை எழுத வைத்தார். ஆட்களை எண்களாக்கிய இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

அதே முகாமில் குழந்தைகள் நடித்த 'ப்ருண்டிபார்' இசை நாடகத்தை, 1944 ஜூனில் பார்வையிட வந்த செஞ்சிலுவைச் சங்கத்தாருக்குப் போட்டுக்காட்டி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று நம்பவைத்தது அதிகாரம். கைதிக்கு ஆறுதலான மேடையே காவலனுக்கு முகமூடியாகவும் ஆயிற்று. ஆறுதல் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அதன் அரசியல் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அந்த அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். ஒளித்து வைத்த இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 ஓவியங்கள் மிஞ்சின. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை. கலை பசியைத் தீர்க்கலை, தோழரே. ஆளை எண்ணாகச் சாகவும் விடலை.