மாசசூசெட்ஸ் மாநில நலாக்சோன் வழங்கல் திட்டம்

ஹெராயின், ஃபென்டனில் முதலிய ஓபியாய்டுகள் அளவு மீறி உடலில் சேர்ந்தால் மூச்சு அடங்கி உயிர் போகும். அதைத் தடுக்கும் மாற்றுமருந்தான நலாக்சோனை அரசு நிதியில் பொதுமக்கள் கையில் சேர்ப்பதற்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் செய்துள்ள ஏற்பாடு இது.

நலாக்சோனுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1971இல் ஒப்புதல் அளித்தது. பல்லாண்டுகள் அது மருத்துவமனைக்கும் ஆம்புலன்சுக்கும் உரியதாகவே இருந்தது. போதைப்பொருள் பயன்படுத்துவோரிடமே அதை நேரடியாகக் கொடுக்கும் வழக்கம் 1990களின் நடுவில் சிகாகோவில் தொடங்கியது. மாசசூசெட்ஸில் அத்தகையோருக்குப் பழைய ஊசிக்கு மாற்றாகப் புது ஊசி தரும் மையங்களுக்கு 1993இல் சட்ட அனுமதி கிடைத்தது. ஆயினும் நெடுங்காலம் பாஸ்டன், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட நான்கு ஊர்களில் மட்டுமே அவை இயங்கின.

பாஸ்டன் மாநகரப் பொதுச் சுகாதார ஆணையம் 2006இல் நலாக்சோன் வழங்கத் தொடங்கியது. மறு ஆண்டே மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை அதைத் தன் செலவில் பிற ஊர்களுக்கும் விரித்தது. மருத்துவர் ஒருவர் முன்கூட்டியே பிறப்பித்த நிலையாணையின் கீழ், மருத்துவப் பட்டம் இல்லாத பணியாளர்களே பயிற்சி தந்து மருந்தையும் கொடுத்தனர். மூக்கில் செலுத்துவதற்கென ஒப்புதல் பெற்ற நலாக்சோன் அன்று சந்தையில் இல்லை. ஆகவே, ஊசிக்கென வந்த மருந்துக் குழலின் முனையில் திரவத்தைத் தூவலாக்கும் சிறு நுனியைப் பொருத்தி, இரு நாசிகளிலும் பாதிப் பாதியாகச் செலுத்தக் கற்றுத் தந்தனர். மருந்தின் வேகம் ஒரு மணி நேர அளவில் தணிந்துவிடும், மயக்கம் மீளக்கூடும். அதனால் ஒரு பையில் இரண்டு வேளை மருந்து இருந்தது. அவசர உதவி எண்ணான 911க்கு அழைப்பதும், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதும் பயிற்சியின் பகுதிகள்.

மருந்து தீர்ந்து மறுபை கேட்டு வருபவரிடம், முதல் பை என்னவாயிற்று என்று கேட்டுப் படிவத்தில் குறித்துக்கொண்டனர். இந்த எளிய பழக்கமே திட்டத்தின் ஆகச் சிறந்த ஆவணமாயிற்று. 19 ஊர்களைப் பற்றி 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அலெக்சாண்டர் வாலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, 2009 வரை 2,912 பேர் பயிற்சி பெற்றதையும் 327 மீட்புகள் பதிவானதையும் காட்டுகிறது. திட்டம் எட்டாத காலத்தோடு ஒப்பிட, குறைவாகப் பரவிய இடங்களில் ஓபியாய்டு இறப்பு விகிதம் 27 சதவீதமும், அதிகமாகப் பரவிய இடங்களில் 46 சதவீதமும் குறைவாக இருந்தது. இது சோதனை அல்ல, நடந்ததை உற்றுநோக்கிய ஆய்வே என்பதால், குறைவு முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதுவதற்கில்லை. உயிர்காக்கும் மருந்து கையிலிருந்தால் போதைப்பொருள் எடுக்கும் துணிச்சல் கூடும் என்று பின்னாளில் சில பொருளியலாளர்கள் வாதிட்டனர். சுகாதார ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை.

குவின்சி நகரக் காவல்துறை 2010 அக்டோபரில் தன் ரோந்துக் காவலரிடம் நலாக்சோனைக் கொடுத்தனுப்பியது. நாட்டில் இவ்வாறு செய்த முதல் காவல்துறை அதுவே என்பர். போதைக்கு அடிமைப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கூடும் 'லேர்ன் டு கோப்' அமைப்பும் அடுத்த ஆண்டு வழங்கும் இடமாயிற்று. வீட்டில் மகனோ மகளோ நீலம் பாரித்துக் கிடக்கையில் முதலில் ஓடி வருபவர் தாயே அல்லவா! அவரிடம் மருந்தைச் சேர்த்தது இத்திட்டத்தின் மிகச் சரியான முடிவுகளுள் ஒன்று. உதவிக்கு அழைப்பவர் மீது போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குத் தொடராதபடி 2012இல் சட்டம் வந்தது.

ஆளுநர் டெவால் பேட்ரிக் 2014 மார்ச் 27இல் ஓபியாய்டு பரவலை ஒட்டிப் பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தார். சிகிச்சைக்கென 2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நகராட்சிகள் குறைந்த விலையில் மருந்து வாங்குவதற்கான மொத்தக் கொள்முதல் நிதியம் 2015இல் உருவாயிற்று. விலையேற்றம் குறித்த விசாரணையை அடுத்து நலாக்சோன் தயாரிப்பாளரான ஆம்ஃபாஸ்டார் நிறுவனம் செலுத்த இசைந்த 3,25,000 டாலரும் அதில் சேர்ந்தது.

ஓபியாய்டு மருந்து நிறுவனங்களுடனான வழக்குகளில் கிடைத்த இழப்பீட்டுக்கெனத் தனி நிதியம் 2020இல் அமைந்தது. ஃபென்டனில் பரவலால் 2022இல் இறப்பு 2,300ஐத் தாண்டியது. 2024இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இதற்கு நலாக்சோன் பரவலைச் சிலரும், போதைச் சந்தையின் மாற்றத்தைச் சிலரும் காரணமாகக் கூறுவர். கண்காணிப்பில் போதைப்பொருள் பயன்படுத்தும் மையங்களை 2019இல் மாநில ஆணையம் ஒன்று சோதனை முறையில் பரிந்துரைத்தது. 2024இல் மாநில செனட் அதற்கு இசைந்தபோதும், ஆண்டிறுதியில் நிறைவேறிய சட்டத்தில் அப்பகுதி இடம்பெறவில்லை.