ரிமோட் ஹெலிகாப்டர்: ட்ரோனைவிட ஏன் கஷ்டம்? சிங்கப்பூரில் பறக்கவிட என்ன தேவை?

ட்ரோன் பறக்கும்போது ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

ரிமோட் ஹெலிகாப்டரில் அதைச் செய்து பார்க்காதீங்க. அது மெல்ல ஒரு பக்கம் நகரத் தொடங்கும். சில விநாடிகளில் வேகம் பிடிக்கும். அப்புறம் மரமோ தரையோ, எதில் மோதுகிறதோ அங்கேதான் நிற்கும்.

பறப்பதில் இவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்: இரண்டுமே ஆளில்லா வானூர்திகள். பொம்மைக் கடையில் வாங்கினாலும் சரி, பாகம் பாகமாக நீங்களே பூட்டினாலும் சரி, எடைக்கு ஏற்ற விதி உண்டு. அதனால் பொழுதுபோக்கைத் தொடங்குமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? சட்டம் என்ன சொல்கிறது?

ட்ரோனும் இதுவும் ஒண்ணு இல்லையா?

இல்லை. சாதாரண ட்ரோனில் 4 மோட்டார், 4 சிறு விசிறி. விசிறி இறக்கைகளின் கோணம் மாறாது. மேலே போக வேண்டுமா, மோட்டார்கள் வேகமாகச் சுற்றும். சாய வேண்டுமா, ஒரு பக்கத்து மோட்டார்கள் மட்டும் வேகம் கூட்டும். எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் கணினி பார்த்துக்கொள்ளும். ஜிபிஎஸ், காற்றழுத்த உணர்கருவி, கேமரா மூலம் தான் இருக்கும் இடத்தையும் அதுவே தெரிந்துகொள்ளும்.

ஹெலிகாப்டரில் தலைக்கு மேல் ஒரே ஒரு பெரிய விசிறி. பொழுதுபோக்காளர்கள் பயன்படுத்தும் ரகத்தில் அது ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மாறுவது இறக்கைகளின் கோணம். கோணம் கூடினால் மேலே போகும். குறைந்தால் இறங்கும். கோணத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் காற்றை மேல்நோக்கித் தள்ளும். அப்போது ஹெலிகாப்டரைக் கவிழ்த்துப் போட்டால் தலைகீழாகவே அந்தரத்தில் நிற்கும். காணொளிகளில் பார்த்து வாய்பிளக்கும் '3டி' சாகசங்களின் ரகசியம் இதுதான்.

சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கையின் கோணத்தை எப்படி மாற்றுவது? அதற்குத்தான் ஸ்வாஷ்பிளேட் என்ற வட்டத் தட்டு. அதன் கீழ்ப்பாதி சுற்றாது. மேல்பாதி விசிறியோடு சேர்ந்து சுற்றும். மூன்று சிறு செர்வோ மோட்டார்கள் தட்டை மொத்தமாக ஏற்றி இறக்கினால் எல்லா இறக்கைகளின் கோணமும் ஒன்றாக மாறும். தட்டைச் சாய்த்தால் ஒவ்வோர் இறக்கையின் கோணமும் சுற்றும் வழியில் கூடிக் குறையும். அதனால் ஹெலிகாப்டர் முன்னே, பின்னே, பக்கவாட்டில் சாயும். மனிதர் ஏறிச் செல்லும் ஹெலிகாப்டரிலும் இதே ஏற்பாடுதான்.

மேல் விசிறி ஒரு திசையில் சுற்றினால், உடல் எதிர்த் திசையில் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது வால் விசிறி. வால் ஆடாமல் பிடிக்க ஜைரோ உதவுகிறது. ஆனால் அந்த ஜைரோவுக்குத் தெரிவது உடல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது மட்டும்தான். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. இடத்தைப் பிடித்து நிறுத்துவது முழுக்க உங்கள் விரல்களின் வேலை. புதிய மாடல்கள் சிலவற்றில் ஒரு பட்டனை அழுத்தினால் நிமிர்ந்து மேலேறும் வசதி உண்டு. ஆபத்துக்கு உதவும் என்றாலும் அதை நம்பியே பழகக் கூடாது.

பெட்டியைத் திறந்ததும் பறக்குமா?

சிறிய ரகங்கள் பறக்கும். நடுத்தர, பெரிய ரகங்கள் பல பாகங்களாகவே வரும். உலோகச் சட்டங்கள், பற்சக்கரங்கள், தண்டுகள், கைப்பிடி அளவு பைகளில் நூற்றுக்கணக்கான திருகாணிகள். மோட்டார், பேட்டரி, செர்வோ போன்றவற்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஓய்வு நேரத்தில் மட்டும் செய்தால் பூட்டி முடிக்கப் பல நாள் ஆகலாம்.

இதில் குறுக்குவழி பார்த்தால் வானில்தான் தெரியும். ஹெலிகாப்டர் ஓயாமல் அதிரும். அந்த அதிர்வில் திருகாணி தானாகக் கழன்று வரும். அதனால் உலோகத்தில் போய் உட்காரும் ஒவ்வொரு திருகாணிக்கும் கழலாமல் பிடிக்கும் பசையை ஒரு சொட்டு வைப்பார்கள். பிளாஸ்டிக்கில் அந்தப் பசை படக்கூடாது, விரிசல் விடும். பற்சக்கரங்கள் அதிகம் நெருங்கினால் தேயும், விலகினால் பல் உடையும். இரண்டு இறக்கைகளும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தி, எடை நடுத்தண்டுக்கு நேராக நிற்கும்படி வைக்க வேண்டும்.

இது வெறும் ஆரம்ப வேலை. ஒவ்வொரு முறை பறக்கவிடுவதற்கு முன்னும் இதே பாகங்களைத் தொட்டுப் பார்த்துச் சோதிப்பது பழக்கமாக வேண்டும்.

எந்த அளவு வாங்கலாம்? எடைதான் முடிவு செய்யும்

ஹெலிகாப்டர்களை 450, 600, 700 என்று எண் போட்டுச் சொல்வார்கள். பெரிய ரகங்களில் அந்த எண் ஓர் இறக்கையின் நீளத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் குறிக்கும். 450 மட்டும் விதிவிலக்கு. அது பழைய பெயர், அதன் இறக்கை சுமார் 325 மில்லிமீட்டர்தான்.

சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் பேட்டரியோடு சேர்த்து மொத்த எடையைப் பார்க்கிறது. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவோருக்கு அது இப்படி:

• 250 கிராம் வரை: பதிவு தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் இந்த வகை. எங்கே, எவ்வளவு உயரத்தில் என்ற விதிகள் இவற்றுக்கும் பொருந்தும்.

• 250 கிராமுக்கு மேல்: ஆணையத்திடம் பதிவு செய்து, அடையாள வில்லையை ஒட்ட வேண்டும். பதிவு செய்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். சுமார் 800 கிராம் எடையுள்ள 450 ரகம் இதில் அடங்கும்.

• 1.5 கிலோவுக்கு மேல், 7 கிலோ வரை: பதிவோடு, அடிப்படைப் பயிற்சியை முடித்த சான்றிதழும் வேண்டும். 600, 700 ரகங்கள் இங்கேதான் வரும். 700 ரகம் பேட்டரியோடு 5 கிலோவை ஒட்டி இருக்கும்.

• 7 கிலோவுக்கு மேல்: விமானி உரிமமும் பறப்பதற்கான அனுமதிகளும் தேவை. இது பொழுதுபோக்கின் எல்லையைத் தாண்டிய விஷயம்.

பதிவு செய்யாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இன்னொன்று. 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்திகளில், பறக்கும்போதே அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் கருவி 2025 டிசம்பர் 1 முதல் இருக்க வேண்டும். புதிய ட்ரோன்கள் பலவற்றில் அந்த வசதி உள்ளேயே இருக்கும். நீங்களே பூட்டும் ஹெலிகாப்டரில் இருக்காது. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். அதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்?

2019 ஜூன் மாதம் நினைவிருக்கலாம். சாங்கி விமான நிலையத்துக்கு அருகே அனுமதியில்லாத ட்ரோன்கள் பறந்தன. 18ஆம் தேதி இரவிலிருந்து மறுநாள் காலைக்குள் 37 விமானச் சேவைகள் தாமதமாயின. ஓர் ஓடுபாதையை அவ்வப்போது மூட வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் மறுபடியும் அதேபோல் நடந்தது. 2020 ஜனவரி 2ஆம் தேதி கட்டாயப் பதிவுமுறை நடப்புக்கு வந்தது.

எங்கே பறக்கவிடலாம்?

வீட்டுக்குக் கீழே உள்ள புல்வெளியில் விடலாமே என்று தோன்றும். வேண்டாம்.

அனுமதி வாங்காமல் பறக்கவிட, விமான நிலையம் அல்லது ஆகாயப் படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள். சின்னத் தீவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று புரியும். தடைசெய்யப்பட்ட வேறு பகுதிகளும் உண்டு.

உயரம் கடல்மட்டத்திலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கவனிங்க, தரையிலிருந்து இல்லை, கடல்மட்டத்திலிருந்து. மேட்டு நிலத்தில் நின்றால் அந்த அளவுக்கு உயரம் குறையும்.

தேவையான அனுமதி இல்லாமல் பறக்கவிட்டு, முதல்முறை பிடிபட்டாலே 50,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். ஒன்மேப் வரைபடத்திலும் ஆணையத்தின் இணையத்தளத்திலும் இடத்தைச் சரிபார்த்த பிறகே கிளம்புங்கள். நிலத்தை நிர்வகிப்பவரின் சம்மதமும் வேண்டியிருக்கலாம். இதற்கெல்லாம் சுலபமான வழி, முறையான திடல் வைத்திருக்கும் மன்றத்தில் சேர்வது. அனுபவசாலிகள் பக்கத்தில் இருப்பார்கள் என்பது கூடுதல் லாபம்.

உண்மையிலேயே ஆபத்தா?

ஆமாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 700 ரகத்தின் விசிறி விட்டம் சுமார் 1.6 மீட்டர். நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இறக்கைகளோ கார்பன் இழையால் ஆனவை.

2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், 19 வயது இளைஞர் தாம் இயக்கிய ஹெலிகாப்டர் தாக்கி உயிரிழந்தார். அவர் அனுபவம் உள்ளவர். திறமை கூடக் கூட நெருக்கத்தில் பறக்கவிடும் துணிச்சலும் கூடும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

அதனால் சில பழக்கங்களை விட்டுக்கொடுக்கவே கூடாது. ரிமோட்டில் மோட்டாரை ஓடவிடாமல் பூட்டும் பொத்தான் உண்டு. பேட்டரியை இணைக்கும்போதும் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் அந்தப் பூட்டு போட்டிருக்க வேண்டும். பெரிய ரகத்துக்கு உங்களிடமிருந்து குறைந்தது 10 மீட்டர் தூரமாவது கொடுங்கள். பார்க்க வந்தவர்கள் உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தலைக்கு மேல் பறக்கவிடவே கூடாது.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பாலிமர் பேட்டரி அடிபட்டாலோ அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ தீப்பிடிக்கும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சவரம்பு. பல நாள் பறக்கப்போவதில்லை என்றால் சுமார் 3.8 வோல்ட்டில் வையுங்கள். வீவக வீட்டில் இரவு மின்னேற்றிவிட்டுத் தூங்கப் போவது, வாசலில் வைத்து மின்னேற்றுவது இரண்டும் கூடாது. தீப்பிடித்தால் அது வெளியேறும் வழியையே அடைத்துவிடும். உப்பிப்போன பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதீங்க.

எப்படிக் கத்துக்கிறது?

முதலில் கணினியில். பறக்கும் பயிற்சிக்கென்றே சிமுலேட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் சொந்த ரிமோட்டையே கணினியில் இணைத்துப் பழகலாம். அங்கே 100 முறை விழுந்தாலும் ஒரு வெள்ளி செலவில்லை. நிஜத்தில் ஒரு தடவை விழுந்தால் இறக்கை, நடுத்தண்டு, பற்சக்கரம், வால்குழாய் எல்லாம் ஒன்றாகப் போகும். இந்தப் பொழுதுபோக்கில் காசு கரைவது வாங்கும்போது மட்டுமில்லை, விழும்போதும்தான்.

முதல் பாடம், வால் உங்களைப் பார்க்க அந்தரத்தில் நிறுத்துவது. அடுத்து பக்கவாட்டில். அப்புறம்தான் மூக்கு உங்களைப் பார்க்க. இங்கே பலருக்குத் தலை சுற்றும். ஏனென்றால் இடது வலதாகும், வலது இடதாகும். யோசித்துத் திருத்துவதற்குள் ஹெலிகாப்டர் போய்விடும். யோசிக்காமலே விரல் நகரும் வரை பழக வேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

பழகியவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. மோட்டார் நின்றுபோனாலும் ஹெலிகாப்டரைப் பத்திரமாக இறக்கலாம். கோணத்தைக் குறைத்தால், கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்றவைக்கும். தரையை நெருங்கும்போது கோணத்தைக் கூட்டினால், சேமித்துவைத்த சுழற்சி மெதுவாகத் தரையிறக்கும். ஆனால் ஒரே வாய்ப்புதான். சற்று முன்போ பின்போ செய்தால் அவ்வளவுதான். மோட்டார்கள் எல்லாம் நின்றுபோன ட்ரோனுக்கு அந்த ஒரு வாய்ப்புகூட இல்லை.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்?

நடிகர் அஜித்குமாருக்கு ரிமோட் விமானங்கள்மீது நீண்டநாள் ஈடுபாடு. 2018இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாக மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு அவர் ஆலோசகரானார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லந்தில் அவ்வாண்டு நடந்த மருத்துவ ஆளில்லா வானூர்திப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. பொழுதுபோக்காகக் கற்ற வித்தை, மாணவர்களின் பொறியியல் திட்டத்துக்குக் கைகொடுத்தது.

இன்னும் தூரம் போக வேண்டுமா? 2021 ஏப்ரல் 19ஆம் தேதி செவ்வாய்க் கோளில் பறந்த நாசாவின் 'இன்ஜெனுயிட்டி'யும் ஸ்வாஷ்பிளேட் வைத்து இறக்கைக் கோணத்தை மாற்றும் ஹெலிகாப்டர்தான். 5 முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். 72 முறை பறந்தது. அதன் எடை 1.8 கிலோ. சிங்கப்பூரில் பறந்திருந்தால் அதற்கும் பதிவும் பயிற்சிச் சான்றிதழும் கேட்டிருப்பார்கள்!

தொடங்கப் போறீங்களா? இந்த வரிசையில் போங்கள்:

1. ரிமோட்டும் சிமுலேட்டரும் முதலில். ஹெலிகாப்டர் பிறகு.
2. முதல் ஹெலிகாப்டர் சின்னதாக இருக்கட்டும். வாங்கும் முன் பேட்டரியோடு எடை என்ன என்று கேளுங்கள்.
3. 250 கிராமைத் தாண்டினால் பதிவு, அடையாளக் கருவி. 1.5 கிலோவைத் தாண்டினால் பயிற்சியும்.
4. ஒரு மன்றத்துக்குப் போய், ஒருநாள் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். அனுபவசாலி ஒருவர் உங்கள் ஹெலிகாப்டரைச் சரிபார்த்த பிறகே முதல்முறை பறக்கவிடுங்கள்.
5. விதிகள் மாறக்கூடியவை. பறக்கவிடப் புறப்படும் முன் ஆணையத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.