ஜான் ஷாண்டின் முதல் சிரிப்பு

நள்ளிரவு. ஸ்காட்லாந்தில் கருங்கல் குவாரி நடத்தும் வைலி குடும்பத்தின் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக ஒருவன் இறங்குகிறான். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க அப்பாவும் இரண்டு மகன்களும் பதுங்கியிருக்கிறார்கள். வந்தவன் எதையும் திருடவில்லை. நேராகப் புத்தக அலமாரிக்குப் போய், ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்துவிடுகிறான்! ரயில்வே போர்ட்டர் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஏழை மாணவன் அவன். பெயர் ஜான் ஷாண்ட்.

வைலி சகோதரர்கள் அங்கேயே ஒரு பேரம் பேசுகிறார்கள். படிப்புக்கு 300 பவுண்டு தருகிறோம், பதிலுக்கு ஐந்து வருடம் கழித்து எங்கள் தங்கை மேகி விரும்பினால் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். மேகி அழகியில்லை. அவனைவிட வயதில் மூத்தவள். ஜான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதிக்கிறான்.

ஜே. எம். பாரி எழுதிய 'வாட் எவ்ரி வுமன் நோஸ்' நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு பெண்ணும் அறிந்தது என்று பொருள். 1908 செப்டம்பர் 3 அன்று லண்டனின் டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் அரங்கேறியது. நான்கு வருடம் முன்பு அதே அரங்கில் பாரியின் 'பீட்டர் பான்' வந்தபோது வெண்டியாக நடித்த ஹில்டா ட்ரெவெல்யன்தான் இதில் மேகி. கேப்டன் ஹூக்காக மிரட்டிய ஜெரால்ட் டு மாரியே இதில் ஜான்.

ஜான் எம்.பி. ஆகிறான். வாக்குத் தவறாமல் மேகியை மணக்கிறான். நாடாளுமன்றத்தில் அவன் பேச்சுக்குத் தனி மவுசு. தர்க்கம் கல் மாதிரி இறுகியிருக்கும், நடுவில் திடீரென்று ஒரு குறும்பு வரி மின்னும். அந்த வரிகளுக்கு 'ஷாண்டிசம்' என்று பெயரே வந்துவிடுகிறது. அவற்றைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைப்பவள் மேகி. ஜானுக்கு நகைச்சுவை சுத்தமாக வராது. வாழ்க்கையில் ஒருமுறைகூட சிரித்ததில்லை என்பதை ஒரு தகுதியாகவே சொல்லிக்கொள்கிற ஆள்.

பிறகு அவன் சிபில் என்ற அழகியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். மேகி அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. இருவரும் சில வாரம் ஒரே இடத்தில் தங்க அவளே ஏற்பாடு செய்கிறாள். நம்மாளு அங்கே உட்கார்ந்து தன் வாழ்வின் முக்கியமான உரையை எழுதுகிறார். உப்புச்சப்பில்லாத உரை. கட்சியின் பெரிய தலை வெனபிள்ஸ் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். மேகி தான் திருத்தியதை, ஜானின் இன்னொரு வரைவு என்று சொல்லி நீட்டி அவனைக் காப்பாற்றுகிறாள்.

காலத்தைக் கவனித்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது. பெண்கள் வாக்குரிமையை எதிர்த்த ஆஸ்க்வித் அந்த ஏப்ரலில்தான் பிரதமரானார். ஜூன் 21 அன்று ஹைட் பார்க்கில் வாக்குரிமை கேட்டு லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஜூன் 30 அன்று இரண்டு பெண்கள் பிரதமர் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார்கள். சுமார் பத்து வாரத்தில் இந்த நாடகம். அதில் ஜான் பெண்களின் கோரிக்கைகளை ஆதரித்து முழங்குகிறவன்! பெண்களுக்காகப் பேசுகிறான், அந்தப் பேச்சு நன்றாக இருப்பதற்குக் காரணம் ஒரு பெண் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

மேடைக்கு வெளியேயும் இது நடந்தது. ஆஸ்க்வித்துக்குப் பின் பிரதமரான லாயிட் ஜார்ஜின் அந்தரங்கச் செயலாளராக 1913 முதல் பணியாற்றியவர் பிரான்சிஸ் ஸ்டீவன்சன். காதலியும் அவரே. ஊரறியத் திருமணம் நடந்தது 1943இல். முப்பது வருடக் காத்திருப்பு!

இதையெல்லாம் நான் துருவிப் படித்ததற்குக் காரணம் ஒரு மீட்டிங். எங்கள் டீமில் ஓர் அக்கா இருக்கிறார். என் டிசைன் டாகுமெண்டை முந்தின இரவு அவர் திருத்தித் தந்தார். சர்வர் பாதியில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார். மறுநாள் பெரிய அதிகாரி அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார். நான் "தேங்க்ஸ்" என்றேன். அக்கா அதே காலில், மியூட்டில் இருந்தார். கோடில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று 'கிட் பிளேம்' காட்டிக்கொடுத்துவிடும். மீட்டிங்கில் வாங்கும் பாராட்டுக்கு அப்படி ஒரு கமாண்ட் இல்லை.

பிறகு அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அட விடுப்பா, டாகுமெண்ட் உன்னுதுதானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. எல்லாம் தன்னால் ஆனது என்று ஆண் நம்பிக்கொள்வதும், மனைவி புன்னகையோடு அதை விட்டுவிடுவதும் பெண்களுக்கென்று உள்ள ஒரே ஜோக் என்று கடைசிக் காட்சியில் மேகி சொல்கிறாள். தலைப்பே அதுதான். ஜான் திகைத்து, திணறி, வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரிக்கிறான். திரை விழுகிறது.

பாரி அங்கே நிறுத்தியது சாமர்த்தியம். ஆனால் அரங்கில் சிரித்த ஆண்களுக்கு அது எவ்வளவு வசதி! உண்மையை ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, எதையும் மாற்ற வேண்டியதும் இல்லை. மறுநாள் ஜானின் உரையில் மேகியின் பெயர் வருமா? நாடகம் அதற்குள் போகவில்லை. முப்பது வயது தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு வாக்கு கிடைக்க 1918 ஆயிற்று. ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க 1928. அதைச் சிரிப்பு வாங்கித் தரவில்லை. தெருவில் இறங்கியவர்களும் சிறைக்குப் போனவர்களும் வாங்கித் தந்தார்கள்.

மூன்று வாரம் தாமதமாக அந்த அதிகாரிக்கு ஒரு மெயில் போட்டேன், அந்தப் பத்தி அக்கா எழுதியது என்று. பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. சிசியில் இருந்த அக்கா எதுவும் சொல்லவில்லை. அடுத்த டாகுமெண்டில் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் இரண்டு பெயர் போட்டு அவருக்கு அனுப்பினேன். திருத்தங்களோடு திரும்பி வந்தது. அவர் பெயர் முதலில் இருந்தது.